அது எங்க வரைக்கும் போச்சு?

எதைச் சொன்னாலும் டாக்டரம்மா திருப்பிக் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான். கொட்டகலை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறார்கள் என்றால், அது எங்கே வரைக்கும் போகும்? பக்கத்துத் தோட்டத்தில் அம்மை கண்டிருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால், அந்தப் பேச்சு எந்த லயத்து வீட்டு வரிசை வரைக்கும் போயிருக்கிறது? ஆஸ்பத்திரிச் சமையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஒருநாள் பெரிய சண்டை. ஆயா ஓடி வந்து மூச்சிரைக்கச் சொன்னாள். யார் மேல் தப்பு என்று கேட்பதுதானே உலக வழக்கம்? இவர், "சத்தம் எங்க வரைக்கும் கேட்டுச்சு?" என்றார்.

நான் அப்போது அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. கொட்டகலைக்கு மேலே, தேயிலை மலையின் இடுப்பில், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு வார்டு. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத் தமிழர்களான எங்களுக்கு வாக்குரிமை போய்விட்டிருந்த காலம். டாக்டரம்மா அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவரின் மகள். கொழும்பில் டாக்டருக்குப் படித்துவிட்டு, எல்லாரும் ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில் மலைக்கே திரும்பி வந்தவர். ஆள் கட்டை. குரல் மட்டும் நெட்டை. வார்டில் அவர் இருமினால் மருந்துக் காம்பராவில் போத்தல் அதிரும்.

அடக்கமே உருவானவர் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. அவருக்குத் தற்பெருமை உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தப் பெருமைக்குக் காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மீனாச்சியிடமிருந்து தொடங்க வேண்டும்.

மீனாச்சி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். இரண்டாவது பிரசவத்துக்கு அவளைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. முதல் பிள்ளையும் அப்படித்தான். லயத்தில் அவளைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். டாக்டரம்மாவோ அவள் கண்ணின் கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்த துணி மாதிரி இருந்தது.

மறுநாள் விடியும்போது அவர் பெரட்டுக்களத்தில் நின்றார். தொழிலாளரை மலை மலையாகப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடம் அது. வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "மேல பாரு தாயி" என்று சொல்லிக் கீழிமையை இழுத்துப் பார்த்தார். கங்காணி முறைத்தார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கடிகாரத்தைப் பார்த்தார். இவர் யாரையும் சட்டை செய்யவில்லை. அப்படியே நாளெல்லாம், மாசமெல்லாம் பார்த்தார். பக்கத்துத் தோட்டங்களுக்கும் போய்ப் பார்த்தார். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கிறவர்களின் காலில் ஏறும் கொக்கிப் புழு, அது குடிக்கும் ரத்தம், அந்த வெளுத்த இமையோடு சுமக்கும் கூடை, வயிற்றில் தங்காத பிள்ளை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். அவர்களும் அச்சில் போட்டார்கள்.

கட்டுரையின் சாரம் எங்களுக்குப் புரிகிற பாஷையில் இதுதான்: இமை வெளுத்த கர்ப்பிணிக்குப் பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மருந்தும் கொடு. அதோடு, பிள்ளை பிறக்கும்வரை மலை ஏற விடாதே. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், நாற்று மேடையில் களை பிடுங்கட்டும். ஆனால் கூலியைப் பாதியாக வெட்டாதே. வெட்டினால் அவள் வயிற்றையும் தூக்கிக்கொண்டு மலைக்குத்தான் போவாள்.

மருந்துக்குத் தோட்டத்தை நடத்துகிற துரை சம்மதித்தார். கூலிக்குச் சம்மதிக்கவில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் கூலிதான் என்பது தோட்டச் சட்டம். டாக்டரம்மா பங்களாவுக்கே போய் வாதாடினார். நானும் கூடப் போயிருந்தேன். துரை சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். திரும்பி வரும் வழியில்தான் டாக்டரம்மா அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"ஒரு பத்திரிகையில யார் வேணும்னாலும் எழுதலாமாம் புள்ள. டாக்டருக்குப் படிக்கிறவங்க பாடமாப் படிக்கிற பெரிய புத்தகத்துல வரட்டுமாம். வந்தா அன்னைக்கே முழுக் கூலிக்குக் கையெழுத்துப் போடுறாராம்."

"வருமாங்க?"

"வராம எங்க போகும்?" என்றார். நடையில் ஒரு வேகம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் கேள்விக்குப் பல் முளைத்தது. கட்டுரை எங்கே வரைக்கும் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. எழுதியவருக்குப் பத்திரிகைக்காரர்கள் தனிப்பிரதிகள் கொஞ்சம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். உலகத்தில் எங்கோ ஒரு டாக்டர் அந்தத் தலைப்பைப் பார்த்து, படிக்க ஆசைப்பட்டால், ஒரு பிரதி அனுப்புங்கள் என்று தபாலட்டை போடுவார். அந்த அட்டைகள் எங்கள் மலைக்கு வர ஆரம்பித்தன. முதல் அட்டை வந்த நாளில் டாக்டரம்மா அதை வார்டு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார். காய்ச்சலில் முனகிக் கொண்டிருந்த கிழவரைக்கூட விடவில்லை.

"பாருங்க, ஆப்பிரிக்காவுலருந்து கேக்குறாங்க!"

கிழவர் கண்ணைத் திறந்து, "என்னத்த கேக்குறாங்க? கடனா?" என்றார்.

பிறகு வங்காளத்திலிருந்து ஒன்று, தென்னமெரிக்காவிலிருந்து ஒன்று, லண்டனிலிருந்து ஒன்று. எல்லாவற்றையும் அவர் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தார். எந்த ஊர் என்று பிடிபடாத முத்திரை வந்தால் கொட்டகலை பசாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் எடுத்துக்கொண்டு போவார். நானாவுக்குத் துணி வரும் ஊரெல்லாம் அத்துப்படி. அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது எங்கட ஜவுளி வராத ஊர் டாக்டரம்மா. நீங்க எனக்கு முந்திட்டீங்க" என்று அவர் சொன்னதை டாக்டரம்மா ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் சிரிப்போம். ஆனால் யாராவது வெளியாள் சிரித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்கள் டாக்டரம்மா, எங்கள் பெருமை. கேலி செய்கிற உரிமையும் எங்களுக்கு மட்டும்தான்.

இதற்கிடையில் கட்டுரையை ஒரு வரிகூடப் படிக்காத ஒரு கூட்டத்திடம் அது வேறு விதமாகப் பரவிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா இமை பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். பெரட்டுக்குப் போகும் வழியில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், "மேல பாருடி" என்று ஒரு இழுப்பு. வெளுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிடுவார்கள். நல்ல பழக்கம்தானே என்று நானும் சும்மா இருந்தேன்.

அது எங்கே போய் முட்டியது தெரியுமா? கல்யாணத்தில். கீழ் லயத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க றொசல்லையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண் பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாய் எழுந்தாள், மோவாயைப் பிடித்தாள், கீழிமையை இழுத்தாள். "பொண்ணு வெளுப்புங்க. எங்களுக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தார்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் முதலில் மலர்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"றொசல்ல வரைக்கும் போயிருக்கா!"

"போயிருக்குங்க. போயி ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்துட்டு வந்திருக்கு" என்றேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

அவர் முகம் மாறிய வேகத்தைச் சொல்ல வேண்டும். மேசையிலிருந்து எழுந்து, இரும்புச் சத்து மருந்துப் போத்தலைக் கையில் எடுத்து, அடுத்த ரயிலுக்கு நடந்துவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். றொசல்லையில் அந்த லயத்து வாசலில் நின்று அவர் போட்ட சத்தம் எங்கே வரைக்கும் கேட்டிருக்கும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

"இது குலத்துல வர்ற குறைன்னு யாரு உங்களுக்குச் சொன்னா? இது புழு. மருந்து குடிச்சா இமை செவந்துரும். நீங்க வாங்க, உங்க இமையப் பாக்குறேன். மேல பாருங்க."

மாப்பிள்ளையின் தாயுடைய இமை பெண்ணின் இமையைவிட வெளுப்பு. அந்தப் போத்தல் அவளுக்கே போனது. கல்யாணம் நடந்தது. டாக்டரம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார்.

ஆனால் ரயிலில் திரும்பி வரும் வழியில், "எங்க வரைக்கும் போச்சுன்னு மட்டும்தான் புள்ள நான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "போற வழியில என்னவா மாறிப் போச்சுன்னு பாக்கல."

அது மறுபடி நடக்கும் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மீனாச்சி மூன்றாவது தரம் உண்டாகியிருந்தாள். மருந்து கொடுத்தோம். குடித்தாள். ஆனால் மலை ஏறினாள். அரை நாள் கூலியில் அவள் வீட்டு அடுப்பு எரியாது. இமை கொஞ்சம் சிவக்கும், மறுபடி வெளுக்கும். "புத்தகம் வரட்டும், புத்தகம் வரட்டும்" என்று டாக்டரம்மா தவித்தார். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து அவருடைய சிநேகிதி ஒருவர் சேதி சொல்லி அனுப்பினார், புது மருத்துவப் புத்தகத்தில் உன் பெயர் வந்திருக்கிறது என்று. புத்தகமும் பின்னாலேயே வந்தது. செங்கல் கனம். டாக்டரம்மா அதைத் திறக்கவே இல்லை. முதலில் சேலை மாற்றினார். பட்டுச்சேலை! அதைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனார்.

துரை முன்னால்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தார். சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். நடுவில் குரல் நின்றது.

டாக்டரம்மா எழுதியது, இந்தப் பெண்கள் இமை வெளுத்த நிலையிலும் முழு வேலை செய்கிறார்கள், அதனால்தான் பிள்ளைகளை இழக்கிறார்கள் என்று. புத்தகம் எழுதியவர் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். இலங்கைத் தோட்டத்துப் பெண்கள் ரத்தம் குறைந்தாலும் முழு வேலை செய்யக்கூடியவர்கள் என்று அங்கே அச்சாகியிருந்தது. பக்கத்தில் டாக்டரம்மாவின் பெயர்.

துரை புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மரியாதையாக மூடிக் கொடுத்தார். "நீங்களே சொல்லியிருக்கிறீர்களே" என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதை டாக்டரம்மா எனக்குத் தமிழில் சொல்லவே இல்லை. எனக்கே புரிந்தது. அந்தப் பட்டுச்சேலையோடு அவர் மலை இறங்கினார். எவனோ ஒருவன் அவசரத்தில் பாதி படித்துவிட்டுப் போனதற்கு மீனாச்சி கூடை சுமக்க வேண்டுமா?

அன்றைக்கே அவர் புத்தகம் எழுதியவருக்கு எழுதினார். அடுத்த பதிப்பில் திருத்துவதாக நயமான பதில் வந்தது. அடுத்த பதிப்பு எப்போது என்பது மட்டும் பதிலில் இல்லை.

மீனாச்சியின் நிரைக்கு அடுத்த நிரைகளில் பறிக்கிற பெண்களிடம் பங்களாவில் நடந்ததை நான்தான் சொன்னேன். ஆத்திரத்தில் சொன்னேன், ஒரு திட்டமும் இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிப் போனார்கள். அடுத்த நாளிலிருந்து, நிறுவைக்கு இறங்கும்முன் இமை சிவந்தவர்கள் எல்லாரும் தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்து மீனாச்சியின் கூடையில் போட்டார்கள். அவள் மலை அடிவாரத்தில், தாழ்ந்த செடிகளில், உட்கார்ந்து எழுந்து பறித்தாள். கொழுந்து மடுவத்தில் நிறுத்தால் அவள் கூடை முழு நிறை காட்டியது. தோட்டச் சட்டப்படி அது திருட்டு. கங்காணி பார்த்தார். அவர் மகளும் அப்போது முழுகாமல் இருந்ததால் வானத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மாவிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை, விட்டிருந்தால்தான் தப்பு. அவருக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் பங்களாவுக்கு ஓடி, "பாத்தீங்களா துரை, என் கட்டுரை எங்க வரைக்கும் போயிருக்குன்னு!" என்று பெருமை அடித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பார். அவ்வளவு தூரம் அவரை நாங்கள் அறிந்து வைத்திருந்தோம்.

மீனாச்சிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நான்தான் வாங்கினேன். அது அழுத அழுகையில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என் மருந்து வேலை செஞ்சிருக்கு பாத்தியா புள்ள?" என்றார். பார்க்க வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மீனாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பு வரவில்லை. துரை கையெழுத்துப் போடவில்லை. வருஷங்கள் போய், டாக்டரம்மாவுக்குப் பதுளைப் பக்கம் மாற்றல் வந்தது. சுவரிலிருந்த தபாலட்டைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தபோது நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"லண்டன் வரைக்கும் போச்சு புள்ள" என்றார். "நம்ம பெரட்டுக்களம் வரைக்கும் வரல."

அவர் அப்படித் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னும் சில நாட்கள் இந்தத் தோட்டத்தில் இருக்கப் போகிறாரே, ஓடிப்போய்த் துரையிடம் சொல்லிவிட்டால் என்று அடக்கிக்கொண்டேன்.

போவதற்கு முந்தின வாரம், நோட்டன் பிரிட்ஜுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அம்மைப்பால் குத்த எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். எங்களுக்கு அறிமுகமே இல்லாத தோட்டம். அட்டனில் பஸ் ஏறி, இறங்கி, மலை ஏறி நடந்தோம். பாதையோரம் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

எங்களுக்கு முன்னால், தாழ்ந்த செடிப் பக்கம், மாசமான ஒரு சின்னப் பெண் மெதுவாகப் பறித்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்து நிறுவைக்கு இறங்கி வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து. அவள் கூடையில் போட்டுவிட்டு, பேச்சை நிறுத்தாமல் நடந்தார்கள்.

டாக்டரம்மா பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர்களில் மூத்தவளைக் கூப்பிட்டார்.

"என்ன தாயி, உங்க கொழுந்த அதுக்குப் போடுறீங்க?"

"அதுக்கு இமை வெளுப்புங்க. மலை ஏறக் கூடாது. நெறை கொறஞ்சா அரை நாளுதானே போடுவாங்க? அதான் இமை செவந்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பிடி."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க. மீனாச்சிக்குப் போட்டதுதான் முதல்ல."

"ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களாங்க?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அந்த மூத்தவளிடம் குனிந்து, பழைய நெட்டைக் குரலில் கேட்டார்: "இத யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். பெருமையில் டாக்டரம்மாவுக்கு ஒரு அணுவும் குறையாதவள். "யாரு சொல்லிக் குடுக்கணும்? இது எங்க தோட்டத்து வழக்கம்ங்க. வேற எங்கயும் கிடையாது."

"அது நான் எழுதினது தாயி!" டாக்டரம்மா கல்லிலிருந்து எழுந்தே விட்டார். "நான்தான் எழுதினேன்! லண்டன்ல அச்சுப் போட்டு, ஆப்பிரிக்கா வரைக்கும்..."

"சரிங்க, நீங்கதான் எழுதுனீங்க, இருக்கட்டும்" என்றாள் அவள், பிள்ளையைச் சமாதானம் பண்ணுகிற குரலில். கையை இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் மோவாயைப் பிடித்தாள். "இப்பப் பேசாம மேல பாருங்க."

டாக்டரம்மா பேசாமல் மேலே பார்த்தார். அந்தப் பெருவிரல் கீழிமையை இழுத்தது. சுற்றி நின்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"செக்கச் செவேல்னு இருக்கு" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். "செவந்தவங்க ஒரு பிடி போட்டுத்தான் ஆகணும். பறிங்க."

பட்டம் வாங்கிய கை தேயிலைச் செடிக்குள் போனது. நுனியும் தெரியாமல் காம்பும் தெரியாமல் கைக்கு வந்ததைப் பறித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், அந்தச் சின்னப் பெண்ணின் கூடையில் போட்டார். அவள் அதைக் கிளறி, முற்றல் இலைகளை எல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தாள். மிஞ்சியது நாலே நாலு கொழுந்து.

"பரவால்லீங்க" என்றாள் அவள். "அடுத்த பிடி நல்லா வரும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தபாலட்டைக்கோ பட்டுச்சேலைக்கோ அந்த முகம் வந்ததில்லை. ஊசிப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, இரண்டாவது பிடி பறிக்க மறுபடி செடிக்குள் போனார்.